250 கி.மீ. வேக வரம்பும் மின்னணு உதவிகளும்: ஓட்டுநரின் உரிமை எதுவரை?

நீள்சாலை:

அறுநூறு குதிரைத்திறன் கொண்ட ஒரு பிஎம்டபிள்யூ எம்5 காரை வாங்குபவருக்கு அதன் என்ஜினால் எட்டக்கூடிய முழு வேகம் கிடைப்பதில்லை. மணிக்கு 250 கி.மீ. வந்ததும் கணினி குறுக்கிட்டு, அதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கூடுதலாகப் பணம் கட்டி ‘டிரைவர்ஸ் பேக்கேஜ்’ வாங்கினால் அதே கார் 305 வரை செல்கிறது. பாதுகாப்புக்காக வைத்த வரம்பு என்றால், பணம் கட்டியதும் அது எப்படி விலகுகிறது? இது ஒருபுறம் இருக்க, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் ஒவ்வொரு புதிய காரும், சாலையின் வேக எல்லையைத் தானே அறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியோடுதான் வரவேண்டும் என்று விதி வந்துவிட்டது. வேகத்தைக் கட்டும் ஸ்பீடு லிமிட்டர், வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், கார் சறுக்கிச் சுழலாமல் காக்கும் இஎஸ்பி, இப்போது இந்த எச்சரிக்கைக் கருவி ஆகிய அனைத்தும் ஒரே போக்கின் படிகள்தானா என்பதே என் கேள்வி. பெர்ஃபார்மன்ஸ் கார் என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு ஓட்டுநரின் கையைக் கட்டுவது நியாயமா என்பதையும் உறுப்பினர்கள் விவாதிக்க வேண்டுகிறேன்.

பழைய கார்புரேட்டர்:

நீள்சாலை அவர்களே, 250 என்ற எண்ணை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. எண்பதுகளில் ஜெர்மனியில் பசுமை அரசியல் வலுப்பெற்றது. வாகனப் புகையால் காடுகள் அழிகின்றன என்ற அச்சமும் பரவியது. ஆட்டோபான் எனப்படும் அந்நாட்டு அதிவேக நெடுஞ்சாலைகளுக்குப் பொதுவான வேக எல்லை வேண்டும் என்ற கோரிக்கை அப்போது உரத்து எழுந்தது. அரசு சட்டம் போடும்முன் நாமே ஓர் எல்லையை ஏற்றுக்கொண்டுவிடலாம் என்று பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி ஆகியவை தமக்குள் உடன்பட்டன. 1987இல் வந்த பிஎம்டபிள்யூவின் பன்னிரண்டு சிலிண்டர் 750i கார்தான் 250இல் மின்னணு முறையில் நிறுத்தப்பட்ட முதல் கார்களில் ஒன்று. போர்ஷே இந்த உடன்பாட்டில் சேரவில்லை. ஆகவே 250 என்பது அரசியலில் பிறந்த எண். அது பொறியியல் கணக்கிலிருந்து வந்ததன்று. பணம் கட்டினால் விலகுவதற்கும் இதுதான் காரணம்.

ஜப்பானில் கதை இன்னும் சுவையானது. அங்கே உள்நாட்டுக் கார்கள் அனைத்துக்கும் 180 கி.மீ. வரம்பு இருந்தது. போதாததற்கு, 280 குதிரைத்திறனுக்கு மேல் எவரும் அறிவிப்பதில்லை என்ற உடன்பாடும் இருந்தது. 1989இல் நிசான் ஃபேர்லேடி இசட் அந்த எண்ணைத் தொட்டதிலிருந்து, 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று அறிவிக்கும் வரை, அந்நாட்டின் வேகக் கார்கள் எல்லாம் காகிதத்தில் 280 மட்டுமே கொண்டிருந்தன. ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரைக் குதிரைத்திறனை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். உடன்பாட்டால் குதிரைத்திறன் குறையவில்லை; விற்பனைக் கையேட்டில் அச்சாகும் எண்தான் குறைந்தது.

நெக்கார் கரை:

நான் ஸ்ருட்காட் நகருக்கு அண்மையில் வசிக்கின்றேன். வேலைக்கு ஒவ்வொரு நாளும் ஆட்டோபான் வழியாகவே போய் வருகின்றேன். தமிழ் வாசகர்கள் பலர் எண்ணுவது போல இங்கே எல்லா இடத்திலும் எல்லையற்ற வேகம் இல்லை. எல்லை இல்லாத பகுதிகளிலும் 130 என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகமாக உள்ளது. அதற்கு மேல் ஓடிய சாரதி ஒரு விபத்தில் தன் பக்கம் தவறு இல்லாதபோதும், இழப்பீட்டில் ஒரு பங்கைச் சுமக்க நேரிடலாம் என்று 1992இல் ஜேர்மன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

250இல் ஓடும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 70 மீற்றரைக் கடக்கின்றது. நல்ல ரயரும் உலர்ந்த வீதியும் இருந்து முழுமையாகப் பிறேக் பிடித்தால், 130இலிருந்து நிற்க 66 மீற்றர் போதும்; 250இலிருந்து நிற்க 245 மீற்றர் வேண்டும். இதில் சாரதி ஆபத்தை உணர்ந்து காலை மாற்றும் நேரம் சேரவில்லை. வேகமாகச் செல்வோருக்கான இடப்பக்கத் தடத்தில் நீங்கள் 250இல் வரும்போது, 110இல் போகும் ஒரு வான், லொறி ஒன்றை முந்துவதற்காக உங்கள் தடத்துக்கு நகரும். அந்தச் சாரதியின் கண்ணாடியில் நீங்கள் ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரிந்திருப்பீர்கள். அந்நேரத்தில் உங்களிடம் எத்தனை குதிரைத்திறன் உள்ளது என்பது பயன்படாது.

நான்காம் கியர்:

இவ்விவாதம் எங்கு நடந்தாலும் ஒரே குழப்பம் எழுவதைப் பார்க்கிறேன். எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன். வாகன பிரேக் மின்னணுவியல் துறையில் பணியாற்றுபவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு என்று நண்பர்கள் கருதினால், அதையும் கணக்கில் கொண்டு படிக்கலாம்.

ஸ்பீடு லிமிட்டரும் இஎஸ்பியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. லிமிட்டருக்குச் சாலையும் தெரியாது, ஓட்டுநரின் எண்ணமும் தெரியாது. சக்கர வேகத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அது வரம்பை எட்டியதும் என்ஜினின் காற்று வாயிலை மெல்ல மூடுகிறது. வெறிச்சோடிய நேர்ச்சாலையிலும் ஒரே எண்தான், மழையிலும் அதே எண்தான். இஎஸ்பி அப்படிப்பட்டதன்று. அது ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார் என்பதை ஸ்டீயரிங் கோணத்திலிருந்தும், கார் உண்மையில் எங்கே போகிறது என்பதைத் தன் செங்குத்து அச்சில் அது சுழலும் வேகத்திலிருந்தும் அறிந்து, இரண்டையும் வினாடிக்கு 25 முறை ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகும் வரை அது எதுவும் செய்வதில்லை. வளைவில் காரின் பின்பகுதி வெளியே வழுக்கத் தொடங்கினால், வெளிப்பக்க முன் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மூக்கை வெளிப்பக்கமாக இழுக்கிறது. முன்சக்கரங்கள் பிடி இழந்து கார் நேராகப் போனால், உட்பக்கப் பின் சக்கரத்தைப் பிடித்து மூக்கை உள்ளே திருப்புகிறது. எவ்வளவு பெரிய ஓட்டப்பந்தய வீரருக்கும் இருப்பது ஒரே ஒரு பிரேக் மிதிதான். நான்கு சக்கரங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்து பிடிக்க அவராலும் இயலாது.

1995இல் பாஷ், மெர்சிடிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் இதை எஸ்-கிளாஸ் வரிசையின் கூப்பே காரில் முதன்முதலாகக் கொண்டுவந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, சுவீடனில் ஒரு வாகன இதழ் நடத்திய சோதனையில், குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பது போல் திடீரெனத் திருப்பியபோது மெர்சிடிஸின் சிறிய ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அந்த அவமானத்திற்குப் பிறகு இஎஸ்பி மலிவான காருக்கும் இறங்கி வந்தது. ஆனால் நம் விவாதத்திற்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு 1998இல் வந்த முதல் ஆடி டிடி.

வட்ட வளைவுகளோடு அழகாக இறங்கும் அதன் பின்புறத்தை நினைவுகூருங்கள். அந்த வடிவம் அதிவேகத்தில் காரின் பின்பகுதியைச் சற்றே மேலே தூக்கியது. ஆட்டோபானில் 200ஐ நெருங்கிச் செல்லும் ஓட்டுநர், தடம் மாறும்போதோ நீண்ட வளைவிலோ முன்னால் எதையோ கண்டு அஞ்சி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். உடனே எடை முன்னால் சாயும். ஏற்கெனவே இலேசாகிவிட்ட பின்சக்கரங்கள் பிடியை விட்டுவிடும். அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவதற்குள் கார் சுழன்றுவிடும். உயிரிழப்புகள் நேர்ந்தன. ஆடி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, பின்புறத்தைக் காற்றால் கீழே அழுத்தும் சிறு ஸ்பாய்லர் பொருத்தி, இஎஸ்பியையும் கொண்டுவந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் காரில் 250 வரம்பு இருந்திருந்தாலும், 230 வரம்பு இருந்திருந்தாலும், நடந்த விபத்துகள் எதையும் அது தடுத்திருக்காது என்பதே. ஆபத்து உச்ச வேகத்தில் இல்லை. காலை எடுத்த அந்த நொடியில் இருந்தது.

அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ்ஸின் ஆய்வுகள், வேறு வாகனத்தோடு மோதாமல் ஒரு கார் மட்டும் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளை இஎஸ்பி ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று காட்டின. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 இறுதியிலிருந்தும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். எனவே லிமிட்டரை எதிர்ப்பவர்கள் அந்த வாதத்தை அப்படியே இஎஸ்பிக்கும் நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கைக்கியர்ப் பித்தன்:

நான்காம் கியர் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 1987இன் ஃபெராரி எஃப்40 காரில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. கோர்டன் மர்ரி வடிவமைத்த மெக்லாரன் எஃப்1 காரில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர்கூட இல்லை. டாட்ஜ் வைப்பர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இஎஸ்பி இல்லாமலே விற்றது. சட்டம் வற்புறுத்தியதால்தான் 2013 மாடலில் அதை ஏற்றுக்கொண்டது. இக்கார்களை ஓட்டியவர்கள் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கற்றார்கள். சக்கரம் பிடி இழக்கும்முன் ஸ்டீயரிங் இலேசாவதையும், இருக்கை வழியே பின்பகுதி நகர்வதையும் உடம்பே உணர்ந்தது. இன்று எழுநூறு குதிரைத்திறன் காரை வாங்கும் ஒருவர் முதல் நாளே முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிறார். கணினி சத்தமில்லாமல் திருத்துகிறது. திருத்தப்பட்டதை அவர் தன் திறமை என்று நம்புகிறார். உதவி மிகுந்ததால் திறமை குறைந்த ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

ஈசிஆர் பயணி:

இந்தியாவில் 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்கள் எல்லாம் 80ஐத் தாண்டினால் இடைவிட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் ஒலியெழுப்புகின்றன. வேகத்தை அது குறைப்பதில்லை. வாடகைக் கார் ஓட்டுநர்கள் அந்த ஒலியைக் கேட்காதவர்களாகவே பழகிவிட்டார்கள். ஒலி மட்டும் எழுப்பும் கருவியைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டுமா என்று தோன்றுகிறது.

நெறியாளர்:

லிமிட்டரை நீக்கித் தருவதாகத் தொலைபேசி எண்ணுடன் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. வணிக விளம்பரங்களை இவ்விழையில் இட வேண்டாம். விவாதம் தொடரலாம்.

நான்காம் கியர்:

கைக்கியர்ப் பித்தன் அவர்களே, வைப்பரின் இருபது ஆண்டுகளைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். போர்ஷே கரேரா ஜிடியையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 5.7 லிட்டர் வி10, 612 குதிரைத்திறன், மொத்தம் 1,270 கார்கள். அதில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தது, இஎஸ்பி இல்லை. 2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவருடைய நண்பரும் இறந்தது அக்காரில்தான். மணிக்கு 72 கி.மீ. எல்லை கொண்ட சாலையில் 130 முதல் 150 வரை வேகத்தில் சென்றதையும், டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும் விசாரணை கண்டறிந்தது. இஎஸ்பி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய டயரின் பிடியை எந்தக் கணினியாலும் கூட்ட முடியாது. ஆனால் அந்த வேகம் 250க்குப் பக்கத்தில்கூட இல்லை என்பதைப் பாருங்கள்.

கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போய்விட்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. 2009இல் போர்ஷே 911 ஜிடி3 காரில் முதன்முறையாக இஎஸ்பி வந்தபோது, அதை இரு படிகளாக அணைக்கும்படி அமைத்தார்கள்: முதல் பொத்தான் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை மட்டும் விலக்கும், இரண்டாவது டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் விலக்கும். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் ஒரு மஞ்சள் திருகு உண்டு. ஒன்பது நிலைகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தளர்த்தலாம். 2013இல் ஃபெராரி 458 ஸ்பெசியாலே காரோடு வந்த மென்பொருள், காரைச் சறுக்கவிட்டு, சறுக்கும் கோணத்தை மட்டும் கட்டுக்குள் வைக்கிறது. ஒவ்வொரு நிலையாகக் குறைத்துக் கொண்டே போகலாம். எஃப்40 காரில் இந்த ஏணி இல்லை, நேராக மாடியிலிருந்து குதிக்க வேண்டும்.

மேலும், தாங்கள் போற்றும் மெக்லாரன் எஃப்1 காரிலும் ஒரு லிமிட்டர் இருந்தது. 1998இல் 386 கி.மீ. சாதனை படைத்தபோது, என்ஜினின் நிமிடச் சுழற்சி வரம்பை 7,500இலிருந்து 8,300க்கு உயர்த்திய பிறகே அந்த வேகம் கிடைத்தது.

பழைய கார்புரேட்டர்:

உச்ச வேகத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் புகாட்டி வேய்ரோனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்காரில் இரண்டாவது சாவி ஒன்று உண்டு. காரை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கத்தில் உள்ள துளையில் அதைத் திருகினால்தான் 375ஐத் தாண்டலாம். அப்போது காரின் உயரம் தாழ்கிறது, முன்புறக் காற்று வாயில்கள் மூடிக்கொள்கின்றன, பின்சிறகு ஏறக்குறைய முழுதும் உள்ளே இறங்குகிறது. அந்த வேகத்திற்கு வேண்டிய வடிவம் வேறு என்பதால்தான் இவ்வளவு சடங்கு.

2010இல் சூப்பர் ஸ்போர்ட் வகை 431 கி.மீ. எட்டிச் சாதனை படைத்தது. ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த கார்கள், டயரைக் காப்பதற்காக 415இல் நிறுத்தப்பட்டிருந்தன. லிமிட்டரை அணைத்த கார் விற்பனைக் கார் ஆகுமா என்ற கேள்வி எழுந்து, 2013 ஏப்ரலில் கின்னஸ் அச்சாதனையை விலக்கி வைத்தது. லிமிட்டரை நீக்குவதால் காரின் அடிப்படை வடிவமைப்பு மாறவில்லை என்று சில நாட்களிலேயே திரும்பவும் ஏற்றது. இந்த இடத்தில் லிமிட்டர் அரசியலும் அன்று, ஓட்டுநரைப் பற்றிய அவநம்பிக்கையும் அன்று. டயரின் சுற்றளவில் வேலை செய்யும் விசையைப் பற்றிய கணக்கு. குரோஷியாவின் ரிமாட்ஸ் நெவேரா மின்காரும் 412 எட்டக்கூடியது. வாடிக்கையாளருக்கு 352இல் கட்டித்தான் தருகிறார்கள். நிறுவனத்தின் குழு உடனிருக்கும் தனி நிகழ்வுகளில் மட்டும் அந்தக் கட்டை அவிழ்க்கிறார்கள்.

சாதாரணக் கார்களிலும் இதே கணக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. அமெரிக்காவில் எச் வகை டயரோடு விற்ற பிஎம்டபிள்யூ 3 வரிசைக் கார்கள் 210 அளவிலேயே நிறுத்தப்பட்டன. வேகத்திற்கேற்ற டயரோடு வாங்கியவருக்கு 250 கிடைத்தது. லிமிட்டரை நீக்க மென்பொருள் தேடும் நண்பர்கள் முதலில் குனிந்து அந்த எழுத்தைப் படிக்க வேண்டும்.

கைக்கியர்ப் பித்தன்:

மின்னணுவே தவறினால்? 2016 ஜூலையில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் கோனிக்செக் ஒன்:1 கார் மோதியதற்கு, இடது முன்சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சார் பிழையான தகவல் தந்ததே காரணம் என்று நிறுவனமே விளக்கமளித்தது. ஓட்டுநர் பிரேக் மிதித்தபோது சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பி மிதிப்பதும், இல்லை என்று அறிந்து மிதிப்பதும் வேறு வேறு. எஃப்40 ஓட்டுநருக்கு அந்த ஏமாற்றம் நேராது. ஃபார்முலா 1 பந்தயமும் இதை உணர்ந்துதான், 1993இன் வில்லியம்ஸ் காரில் உச்சத்தைத் தொட்ட ஆக்டிவ் சஸ்பென்ஷன், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் ஆகியவற்றை அடுத்த ஆண்டே தடைசெய்தது.

நான்காம் கியர்:

ஃபார்முலா 1 அதை ஓட்டுநர் திறமையைச் சோதிப்பதற்காகத் தடைசெய்தது, பாதுகாப்புக்காக அன்று. தொழில்முறை அல்லாத ஓட்டுநர்களும் பங்கேற்கும் ஜிடி3 பந்தயங்களில் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டுக்கும் அனுமதி உண்டு என்பதே இதற்குச் சான்று. கோனிக்செக் விபத்தைப் பொறுத்தவரை தங்கள் கருத்தில் நியாயம் இருக்கிறது. உதவி செயலிழந்ததை ஒரு சிறு விளக்கு மட்டும் சொன்னால் போதாது. பந்தயத் தடத்தில் அந்த விளக்கை எவரும் பார்ப்பதில்லை.

நெக்கார் கரை:

நீள்சாலை அவர்கள் கேட்ட ஐரோப்பிய எச்சரிக்கைக் கருவியைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அது வேகத்தைப் பலவந்தமாகக் கட்டுவதில்லை. எல்லையைத் தாண்டினால் ஒலி, அதிர்வு, மிதியில் எதிர்ப்பு, அல்லது தானே வேகம் குறைத்தல் என்ற வழிகளில் ஒன்றைத் தயாரிப்பாளர் தேர்வு செய்யலாம். சாரதி அழுத்தி மிதித்தால் அது விட்டுக்கொடுக்க வேண்டும். அணைக்கவும் முடியும். ஆனால் வாகனத்தை மறுபடி இயக்கும்போது தானாகவே உயிர்பெறும். எனது முறைப்பாடு அதன் கண்பார்வை பற்றியது. அருகிலுள்ள வெளியேறும் பாதையின் 60 பலகையைப் படித்துவிட்டு, 120இல் போகும் என்னை அது கண்டிக்கின்றது. பொய் எச்சரிக்கை பெருகினால் ஈசிஆர் பயணி அவர்கள் சொன்ன வாடகைக் கார் நிலைமைதான் இங்கேயும் வரும்.

இடத்தை அறிந்து செயற்படும் கட்டுப்பாட்டுக்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. 2007இல் ஜப்பானில் வந்த நிசான் ஜிடி-ஆர், ஜிபிஎஸ் மூலம் தான் பதிவுசெய்யப்பட்ட பந்தயத் தடத்தில் நிற்பதை உறுதிசெய்தால் மாத்திரமே 180 வரம்பை நீக்க இடமளித்தது. வீதியில் ஒரு வாகனம், தடத்தில் இன்னொரு வாகனம். எனக்கு இதுவே மிகவும் நேர்மையான தீர்வாகத் தெரிகின்றது. ஆனால் இதை வேறு எந்த நாடும் ஏன் பின்பற்றவில்லை என்று கேட்டால், 250இல் தங்கள் வாகனத்தை ஆட்டோபானில் ஓட்டுவோம் என்பதற்காகவே பணம் கொடுப்பவர்கள் இங்கே அதிகம் என்பதுதான் பதில். வொல்வோ 2020இல் தன் புதிய வாகனங்கள் அனைத்தையும் 180இல் கட்டியபோது இங்கே எழுந்த கூச்சலை நான் நேரில் கேட்டேன்.

நீள்சாலை:

அனைவருக்கும் நன்றி. லிமிட்டரையும் இஎஸ்பியையும் தனித்தனியாகவே எடைபோட வேண்டும் என்பதை ஏற்கிறேன். 250ஐத் தாண்டப் பணம் வாங்குவது மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஒரு நடைமுறைக் கேள்வி. அடுத்த கோடையில் நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்றில், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில், வாடகைக்கு எடுத்த காரை ஓட்டத் திட்டமிட்டிருக்கிறேன். இஎஸ்பியை எந்த நிலையில் வைப்பது?

நான்காம் கியர்:

முழுமையாக இயங்கும் நிலையில் வையுங்கள். அந்நேரத்தில் அது பந்தயத் தடம் அன்று, கட்டணம் செலுத்திச் செல்லும் ஒருவழிப் பொதுச் சாலை. ஜெர்மனியின் சாலை விதிகள் அங்கும் பொருந்தும், நேரம் கணக்கிட்டு ஓட்டுவதற்கு அனுமதி இல்லை. ஏறத்தாழ 21 கி.மீ. நீளத்தில் ஒரு முனையில் வெயிலும் மறுமுனையில் மழையும் இருக்கலாம். இஎஸ்பி விளக்கு எந்த வளைவில் மின்னுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். அங்கெல்லாம் தாங்கள் ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கிறீர்கள் என்று பொருள். விளக்கு மின்னாமல் சுற்றி வரப் பழகிய பிறகு, உலர்ந்த நாளில், சற்றே தளர்ந்த ஸ்போர்ட் நிலைக்கு மாற்றலாம். முழுதும் அணைக்க வேண்டாம்.

வாடகைக் கார் என்பதால் இன்னொன்று: இஎஸ்பியை அணைத்த நிலையில் நேரும் சேதத்திற்கு முழுப் பொறுப்பும் ஓட்டுநருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்திடும்முன் பாருங்கள்.